மச்சினி போட்ட பந்து

தையல் கம்பெனி சுவரில் நாளைய இறுதி ஆட்டத்துக்கான பட்டியல் ஒட்டியிருந்தது. காஜா அக்கா மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். அவள் பெயர் இல்லை. காஜா மிஷினில் சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறவள் அவள். ஒரு வருஷமாகப் பெண்கள் அணிக்கு விக்கெட் கீப்பரும் அவள்தான். பட்டியல் போட்டது சூப்பர்வைசர்; அணியின் கேப்டனும் அவள்தான்.

சாயங்காலப் பயிற்சியில் கேப்டன் எதிரே நேராகப் போய் நின்றாள். "என்னை ஏன் தூக்கினீங்க?"

"போன மேட்ச்ல பதினாலு ரன் பை விட்டியே, மறந்துட்டியா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே, வராதா? எதிலும் படாத பந்து கீப்பரைத் தாண்டி ஓடினால் பை. பழி கீப்பர் தலையில். பேட்டுக்கு எட்டாத தூரத்தில் போட்டால் வைடு. பழி போட்டவள் தலையில். போட்டவள் யார்? கேப்டனின் தங்கை. அம்பயர் யார்? கேப்டனின் வீட்டுக்காரர். மச்சினி எவ்வளவு தள்ளிப் போட்டாலும் அந்த மனுஷன் வைடு என்று வாய் திறந்ததே இல்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

"அதெல்லாம் வைடுக்கா!"

"மாமா சொல்லலையே" என்றாள் தங்கை, பந்தைத் துடைத்தபடி.

"பாஞ்சு புடிக்கத்தானே கீப்பர்?" என்றாள் கேப்டன்.

காஜா அக்கா கையுறைகளைக் கேப்டனின் கையில் திணித்தாள். "இந்தாங்க. ஒரு ஓவர் நீங்களே நில்லுங்க. பாத்துக் கத்துக்கறேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். இனி மறுக்க முடியுமா? கேப்டன் ஸ்டம்புக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். வீட்டுக்காரர் அம்பயர் இடத்தில் நிற்க, தங்கை பந்து போட்டாள்.

முதல் பந்துக்குப் பாய்ந்து மண்ணில் விழுந்தாள். இரண்டாவது விரல் நுனியில் பட்டுத் தெறித்தது. மூன்றாவது அதற்கும் வெளியே போனது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் கத்தினாள்: "என்னங்க, கண்ணு அவிஞ்சு போச்சா? இது வைடு இல்லாம என்ன?"

"வைடு" என்று முனகினார் வீட்டுக்காரர்.

காஜா அக்கா கேப்டன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு மூணே பந்துல வைடு. ஒரு வருஷமா விழுந்து எந்திரிச்சேனே, நான் மனுஷி இல்லையா?"

கேப்டன் கையுறையைக் கழற்றி, வீங்கிய விரலை ஊதிக்கொண்டாள்.

"சரி விடு. நாளைக்கு நீயே நில்லு."

"இவரு அம்பயரா நின்னா நான் நிக்க மாட்டேன்."

தங்கை கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் தன் புருஷனைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீங்க வீட்லயே இருங்க" என்றாள்.