அவள் பேரில் ஒரு வேண்டுதல்

இது தண்டனை என்றால், எதற்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தந்திருக்கலாமே. பாயில் உட்கார்ந்து வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டே தாயாரம்மாள் நினைத்தாள். நடுவிரல் பாதியில் நின்றுவிட்டது. மோதிர விரல் மடங்கவே இல்லை. முழங்கால்களைப் பற்றி அவள் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை. எழுந்து நிற்க அரைமணி நேரமாவது ஆகும்.

போன வருஷம் ஐப்பசியில் சென்னை ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். பிறகு நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டுக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஊசி. ஊசியெல்லாம் முடிந்து, கொட்டிய முடி திரும்ப முளைத்தபோதுதான் இந்த வலி வந்தது. "சில பேருக்கு மருந்து மூட்டுகளைப் பிடிக்கும். நோய் திரும்பிடுச்சுன்னு பயப்படாதே" என்றாள் டாக்டரம்மா.

"இன்னாடி தாயாரு, இன்னும் பாயிலயே குந்திக்கினு கீற? தலைக்கு ஊத்திக்கினு கெளம்பு. சாயங்காலம் காப்பு."

முதல் பஸ்ஸில் சாலவாக்கத்திலிருந்து வந்திருந்த செல்லம்மாள், புருஷனுடைய அக்கா, பையை ஆணியில் மாட்டினாள்.

"எழுந்துக்கலாம்னுதான் பாக்கறேன் அண்ணி. முட்டி கேக்க மாட்டேங்குது."

"எப்படிக் கேக்கும்? ஆத்தா புடிச்சி வச்சிக்கினு கீறா. வேண்டுதல முடிக்காம உடுவாளா?"

ஆபரேஷன் நடந்த அன்று, ஈரப் புடவையோடு ஊர் திரௌபதி அம்மன் முன்னால் செல்லம்மாள் நின்றிருக்கிறாள். தம்பி பெண்டாட்டி உயிரோடு திரும்பினால் உன் தீக்குழியில் இறக்குகிறேன் என்று வேண்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் தாயாரம்மாளுக்கே அது தெரியும்.

"ஊசி போட்டதால வர்ற வலின்னு டாக்டரம்மா சொன்னாங்க அண்ணி."

"ஊசி குத்துனது கையில. முட்டி ஏண்டி நோவுது?"

தாயாரம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை அவளும் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தாள்.

"சிரி, சிரி. டாக்டரம்மா சொன்னா தலைய ஆட்டற. நான் சொன்னா சிரிக்கற."

புருஷன் ராஜாராம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தான். "அக்கா சொல்றதுல தப்பு இன்னா கீது? குழி பத்து எட்டுதான். ஓடியாந்துடலாம்."

"நேத்து வாசப்படி தாண்ட எவ்ளோ நேரமாச்சின்னு பாத்தீங்க இல்ல?"

அவன் துண்டை உதறினான்.

"வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்கு வேற வரச் சொல்லிக்கீறாங்க" என்றாள் அவள். காப்பு கட்டினால் தீமிதி முடியும்வரை பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

"அடுத்த மாசம் போயிக்கலாம்" என்றான் ராஜாராம்.

"எம்பேர்ல வேண்டிக்கினா நான் எறங்கிட்டுப் போயிடுவேன்" என்றாள் செல்லம்மாள். குரல் இறங்கிவிட்டிருந்தது. "உம்பேர சொல்லிட்டேனேடி. நீ எறங்கலன்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. குளிக்கும்போது மிச்சமிருக்கிற பக்கத்தைத் தடவிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் தாயாரம்மாளே அதை நினைத்திருக்கிறாள். இறங்காவிட்டால் திரும்பி வருமோ?

சாயங்காலம் கோயிலுக்குப் போனாள். போகும்போது அவளுக்கு முடிவென்று எதுவும் இல்லை. காப்பு கட்டுகிறவர்களின் வரிசையில் செல்லம்மாள் அவளுக்கு முன்னால் நின்றாள். இந்த வேண்டுதலுக்காக முந்தின நாளிலிருந்து செல்லம்மாள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. எதிரே, குழி வெட்டப் போகிற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்திருந்தார்கள். தாயாரம்மாள் அதன் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். முதல் எட்டு வைத்துவிடலாம். இரண்டாவதில் வலது முழங்கால் பூட்டிக்கொள்ளும். மூன்றாவதில் விழுவாள். அந்த முழங்காலை இப்போது அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். நோயில்லாத நாற்பது வருஷத்தில் தன் உடம்பை அவள் இப்படி அறிந்ததே இல்லை.

கோடு போட்டவர்கள், அறுத்தவர்கள், ஊசி போட்டவர்கள், வேண்டிக்கொண்டவள். எல்லோரும் அவள் பிழைக்கத்தான் செய்தார்கள். மயக்கத்தில் கிடந்தவளிடம் யார் என்ன கேட்க முடியும்? ஆனால் இப்போது அவள் மயக்கத்தில் இல்லை.

திறந்திருந்த கதவு வழியாக அம்மன் முகம் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கும்பிட்ட முகம். பிழைக்க வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்து முறுக்குகிறவளாக அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. பயம் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கைய நீட்டும்மா" என்றார் பூசாரி. மஞ்சள் துண்டு கோத்த கயிறு அவர் விரலில் தொங்கியது.

பெண்களுக்கு இடது கையில்தான் கட்டுவார்கள். செல்லம்மாள் திரும்பி, தாயாரம்மாளின் அந்தக் கையை இரண்டு கையாலும் பூப்போல எடுத்தாள். "மெதுவா கட்டு சாமி. அறுத்த பக்கம். வீங்கிக்கினு கீது."

அந்த விரல்களின் பதமான பிடிதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. கை வீக்கம், முட்டி வலி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூசாரியே ஆமாம் என்பார். யாருக்கும் மனவருத்தம் இராது. அந்த வார்த்தை தாயாரம்மாளின் நாக்கு வரைக்கும் வந்தது. அதை அவள் சொல்லவில்லை.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் அண்ணி."

"இன்னாடி சொல்ற? இந்த வருசம் வேணாமா?"

"எந்த வருசமும் வேணாம்" என்றாள் தாயாரம்மாள், செல்லம்மாளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.