பலகையில் இரண்டாவது வரி

இருபது மீட்டருக்குக் கீழே போவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் அவன் தனியாகக் கடலில் முக்குளிக்கப் போவான். நீருக்கடியில் எழுதும் சின்னப் பலகையிலும் ‘இருபதில் திரும்பு’ என்று எழுதியிருந்தான். அன்று அவன் வீடு திரும்பியதும், போன உச்ச ஆழத்தைப் பதிந்து வைக்கும் ஆழமானியைக் கழுவ எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“முப்பத்தெட்டுன்னு காட்டுதுங்க!”

“அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். இருபதுலயே திரும்பிட்டேன்டி.”

“அப்போ இது?”

பலகையில், அந்த வரிக்குக் கீழே கோணல்மாணலாக இன்னொன்று: ‘இன்னும் கொஞ்சம்தான்.’

அவன் முகம் வெளிறியது. “இதை யாரு எழுதினது?”

“பின்னே, சுறா வந்து எழுதிட்டுப் போச்சா? உங்க கையெழுத்துதானே!”

எழுதிய ஞாபகமே அவனுக்கு இல்லை. ஆழத்தில் குடித்தவன்போல் புத்தி தடுமாறும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனே அவன்தான். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான்.

“இனிமே தனியாப் போகலை,” என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.