விரிப்புப் பஞ்சம்

ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. பழி சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் தலையில் விழுந்தது. நாளைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். விசாரிக்க வந்த ஆய்வாளன் காலையில் கூட்டம் போட்டுக் கேட்டான். நர்சுகள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

மத்தியானம் அவன் கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மாடி வார்டுக்கு டீயோடு போனான்.

"கீழ் வார்டு அக்கா பலே கெட்டிக்காரங்க. ஊருக்கே விரிப்பு இல்லன்னாலும் அவங்ககிட்ட இருக்குமாமே."

மாடி நர்சுக்குச் சுருக்கென்றது. "அவளா? இப்படி வாங்க தம்பி," என்று ஆக்சிஜன் அறையைத் திறந்தாள். சிலிண்டர்களுக்குப் பின்னால் விரிப்புகள் கூரையைத் தொட்டன. "சலவையில கேக்கும்போதெல்லாம் இல்லங்கிறாங்க. அதான் வந்ததுமே ஒதுக்கிடுவேன்."

கீழ் வார்டில் போய் மாடி நர்சைப் புகழ்ந்தான். அங்கே பழைய எக்ஸ்ரே அறை திறந்தது.

சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் சொன்னான். "திருட்டே இல்லண்ணே. பத்தாதுன்னு பதுக்குறாங்க. பதுக்குறதால பத்தாமப் போகுது. உங்க வேலை தப்பிச்சுது."

அவருக்கு உயிர் வந்தது. "என்ன ஜனங்க தம்பி, கொஞ்சமாவது நம்பிக்கை வேணாம்?" என்றபடி அலமாரியைத் திறந்து டிபன் பாக்சை எடுத்தார். அதன் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு விரிப்புக் கட்டு இருந்தது. ஆய்வாளன் அதையே பார்த்தான்.

"அது அவசரத்துக்கு," என்றார் மெதுவாக.

"வீட்டுக்குப் போறதுக்குள்ள அதை வெளிய வச்சிடுங்கண்ணே. நாளைக்கு நான் உங்களை நிரபராதின்னு சொல்லணும்."