நாற்பத்தொன்றாம் பக்கமும் நூற்றுப்பதினெட்டாம் பக்கமும்

1

இந்தக் கதை ஓர் ஆண்டறிக்கையிலிருந்து வந்தது. மருந்துப் புட்டி செய்யும் கம்பெனி அது. லாபமெல்லாம் மூடி செய்யும் துணை நிறுவனத்திலிருந்துதான். அதில் தங்களுக்கு எழுபத்து நான்கு சதவீதப் பங்கு இருப்பதாக நாற்பத்தொன்றாம் பக்கம் சொன்னது. நூற்றுப்பதினெட்டாம் பக்கத்து அடிக்குறிப்பு, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், நாற்பத்தொன்பது என்றது. மீதி யாரிடம் போனது, எப்போது போனது? ஒரு வார்த்தை இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின்...' வேண்டாம். அவளுக்கே பிடிக்காது.

2

அவள் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தையெல்லாம் இந்தப் பங்கில்தான் போட்டிருந்தாள். வேறு யாரும் செய்யாத தப்பை அவள் செய்தாள்: அதை அச்சுப்பிழை என்று நம்பினாள். அடிக்குறிப்பைச் சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் 74 என்று திருத்தி, அந்தப் பக்கத்தைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லித் தங்கையிடம் கொடுத்தாள். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நிம்மதியாக இருந்தாள். பங்கின் விலை பாதியாக விழுந்தபோதுதான், பிழை நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என்பது உறைத்தது.

[இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.]

3

ஆண்டுப் பொதுக்கூட்டம், கணினித் திரையில். ஆளுக்கு இரண்டு நிமிடம். பக்கத்தில் தங்கை.

"ஐயா, மூடி கம்பெனியை வித்தீங்களா, இல்லையா? ரெண்டு நிமிஷம் வேண்டாம், ஒரு வார்த்தை போதும்."

"நல்ல கேள்விம்மா," என்றார் தலைவர். "குறிச்சுக்கிட்டோம். எல்லாம் முறைப்படி வெளியிட்டிருக்கோம்."

"வெளியிட்டீங்க, சரி. கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் அனுப்பியிருக்கலாமே?"

அவள் ஒலியை நிறுத்திவிட்டார்கள். திரையில் உதடு மட்டும் அசைந்தது.

"கத்தாதேக்கா. அவங்களுக்குக் கேக்காது."

"எனக்காகவாடி கத்துறேன்? என் பேச்சை நம்பித்தானே நீயும் இந்தப் பங்கை வாங்கினே? உனக்கு ஒரு பதில் வாங்கித் தராம நான் விக்கமாட்டேன்."

தங்கை தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள்.*

* தபாலில் போடக் கொடுத்த பக்கத்தைத் தங்கை படித்துப் பார்த்தாள். நாற்பத்தொன்பதை நம்பினாள். விலை விழுவதற்கு முன்பே தன் பங்குகளை விற்றுவிட்டாள். அக்காவிடம் சொல்லவில்லை. அந்தத் தங்கை நான்தான். இதை மேலே, பெரிய எழுத்தில் எழுதியிருக்கவேண்டும்.

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கம்பெனி உண்மையைச் சொல்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொன்றில் நான் சொல்கிறேன், அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து

அதற்குமேல் எழுத வரவில்லை.

என் கதைகளை அச்சுக்கு முன் திருத்தித் தருபவள் அவள்தான். ஒற்றெழுத்துகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. இப்போது அடுத்த அறையிலிருந்து குரல் வருகிறது: "முடிச்சிட்டியாடி? குடு, பார்க்குறேன்."

என் கையில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் அடிக்குறிப்பும் இந்தப் பகுதியும் இல்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். எதை நீட்டட்டும்?