தண்ணி நண்டு கொடுக்காத ஊர்

டாக்டர் அப்துல் ஹை பொன்னேரியில் பஸ் மாறும்போதே களைத்துப் போயிருந்தார். சாதாரணக் களைப்பு இல்லை. வருஷக்கணக்காக, வாரந்தவறாமல் சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் போய்வந்த களைப்பு. அந்தப் பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் பிரயாணிகளுக்கு ஒரு பல் ஆடும். ஹைக்கு எல்லாப் பல்லும் ஆடி முடிந்து, இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில், எலும்புகளின் முறை நடந்துகொண்டிருந்தது.

அவர் உயிரணு ஆராய்ச்சியாளர். அதிலும் நண்டின் ரத்தத்தில் மிதக்கிற உயிரணுக்கள்தான் அவர் துறை. யாராவது ஒருவர் அதைச் செய்தாக வேண்டும். விதி ஹையைப் பிடித்துக்கொண்டது. பிறந்தது பழவேற்காட்டில், ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பத்தில். அந்த வீட்டில் நண்டு சமைத்ததே கிடையாது. மார்க்கத்தில் ஆகாது என்று அவருடைய உம்மா நண்டின் நிழலைக்கூட அடுப்படிக்குள் விட்டதில்லை. ஆக, பூமியிலேயே நண்டின் உள்விவகாரங்களை அதிகம் பார்த்தவரும், ஒரு நண்டுக் காலைக்கூடக் கடித்துப் பார்க்காதவரும் ஒரே ஆள்தான்.

எழுபத்தாறில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். புது ஓடு கெட்டிப்படுகிற நாட்களில் அதன் ரத்தத்தில் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும் என்று உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. ஹை வருஷம் முழுக்கப் பழவேற்காட்டு நண்டின் ரத்தத்தைப் பார்த்தார். ஓர் உயிரணுகூடப் பிளக்கவில்லை. வருஷம் முழுக்கப் பிடித்த நண்டில், அப்போதுதான் ஓடு கெட்டியான நண்டும் கலந்துதானே இருக்கும்? ஆகவே, பழவேற்காட்டு நண்டு தனி ஜாதி, உலக நியதிக்குக் கட்டுப்படாதது என்று அடித்து எழுதிவிட்டார்.

அவ்வளவுதான். ஜப்பான்காரர் ஒருவர் பொங்கினார். பிரான்சில் ஒருவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கனடாவில் பனியைத் தோண்டி நண்டு பிடித்தார்கள். நண்டு ரத்தத்தைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் பத்தியில் ஹையை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் இரண்டாம் பத்திக்குப் போவது என்று வழக்கமே ஏற்பட்டுவிட்டது.

எந்தக் கட்டுரையை எவரெவர் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் தடித் தடிப் புத்தகங்கள் ஹை வேலை பார்த்த சென்னை ஆராய்ச்சிக்கூடத்து நூலகத்தில் உண்டு. அந்த எழுத்தைப் படிக்க எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும். அதில் ஹையின் பெயருக்குக் கீழே வரிசை தொங்கிக்கொண்டே போகும். இயக்குநர் ராஜவேலுவின் பெயருக்குக் கீழே இருந்ததெல்லாம், ராஜவேலு தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்ட இடங்கள். மேற்கோள் காட்டியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தப் புத்தகத்தில் இருக்காது. தேடிப் படிக்கவும் அங்கே யாருக்கும் நேரமில்லை.

இப்போது அங்கே ரீடர் என்கிற மேல்பதவி காலியாகியிருந்தது. வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு. அது கிடைத்துவிட்டால் ஹை சென்னையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். நண்டுக்குப் போய்வர வேறு ஆள் போடுவார்கள். அவருக்குப் பட்டமோ பெருமையோ வேண்டியிருக்கவில்லை. அந்தப் பஸ்ஸில் இனி ஏறாமல் இருந்தால் போதும்.

பழவேற்காட்டில் பழைய வீட்டின் முன்னறைதான் அவருடைய பரிசோதனைச் சாலை. பக்கத்துக் குப்பமான தோணிரேவிலிருந்து அங்காளம்மாள்தான் எப்போதும் நண்டு கொண்டுவருவாள். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவிப் பிடிக்கிறவர்களில் அவள் மூத்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். எளாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த மருமகள் திரௌபதி கூடையை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஹை வழக்கம்போல ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் தோய்த்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். அப்படியே இருந்தார். கல்யாண வீட்டு வாசலில் செருப்பு பெருகுவதுபோல அங்கே உயிரணுக்கள் பெருகிக்கொண்டிருந்தன. பார்த்த இடமெல்லாம் ஒன்று இரண்டாகப் பிளந்து நின்றது.

மீதி நண்டைக் கூடையோடு தூக்கிக்கொண்டு தோணிரேவுக்கு நடந்தார்.

"திரௌபதி, இந்த நண்டை எங்கம்மா புடிச்சே?"

"ஏரியிலதான் பாய். வேற இன்னா, மரத்துலயா காய்க்குது?"

போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்த அங்காளம்மாள் எழுந்து வந்தாள். கூடையிலிருந்து ஒரு நண்டை எடுத்து உள்ளங்கையில் ஏந்தினாள். காய்ச்சல் அந்த நிமிஷமே பறந்துவிட்டது.

"அடிப்பாவி! தண்ணி நண்டுடி இது! பாய் வூட்டுக்கா இத்தக் குடுத்துட்டு வந்தே?"

"இன்னாத்தே, ரத்தம் எடுக்கத்தான கேக்குறாரு? துன்னவா போறாரு?"

"துன்னாட்டி? பெரிய வூட்டுக்குன்னு ஒரு மருவாதி வாணாம்? ஒங்க நைனா ஊர்ல இப்டித்தான் குடுப்பாங்களா?"

"எங்க நைனாவ இஸ்துக்கினு வராத, சொல்லிட்டேன்!"

ஹை நடுவில் புகுந்தார். "அங்காளம்மா, தண்ணி நண்டுன்னா இன்னா?"

இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். நண்டு டாக்டர் என்று ஊரே சொல்லும் மனுஷன் கேட்கிற கேள்வியா இது?

"புதுசா சட்ட மாத்துன நண்டு பாய். மேல ஓடு கெட்டியாத்தான் இருக்கும், உள்ள சதை இருக்காது, தண்ணிதான். கொழம்பு வெச்சா கொழம்பே அழுவும்."

"இதுக்கு முன்னால எனக்குத் தண்ணி நண்டு வந்ததே இல்லியா?"

அங்காளம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ஐய, வுட்ருவனா? உங்க வாப்பா காலத்துலருந்து பழகுன வூடு! லேசா இருந்தா அங்கயே ஏரியில வுட்ருவேன். தண்ணி நண்டு குடுத்தான்னு ஒரு சொல்லு வந்தா அப்பறம் நான் கரையில தலகாட்ட முடியுமா? மத்த பொம்பளைங்களயும் வெரட்டி வெச்சிருக்கேன், பாய் வூட்டுக்குப் போறது கல்லு மாதிரி கனக்கணும்னு."

ஹை அங்கேயே கவிழ்த்துப்போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஜப்பான்காரர் சொன்னது சரி. பிரான்ஸ்காரர் சொன்னதும் சரி. பழவேற்காட்டு நண்டும் உலகத்து நண்டுதான். பழவேற்காட்டு மரியாதைதான் தனி ஜாதி.

அன்றிரவே சென்னை வீட்டுக்கு வந்து ஜொஹராவிடம் சொன்னார். அவர் மனைவி சுருக்கமாகப் பேசுகிறவள்.

"வியாழக்கெழம முடியட்டுமே. அப்பறமா சொல்லுங்க. நண்டு இன்னா ரயிலேறி ஓடிடப் போவுதா?"

"முன்னாடி சொன்னா வேலை போவும். பின்னாடி சொன்னா மானம் போவும்."

"அப்ப உங்களுக்கு எது வாணாமோ அது போவட்டும். சாப்பிட வாங்க."

ஹை நாலு இரவும் தூங்கவில்லை. வேலையா மானமா என்று புரண்டு புரண்டு அந்தப் பாயே தேய்ந்து நூலாகிவிட்டது. வியாழக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்ததும், யாரும் எதுவும் கேட்பதற்குமுன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அங்காளம்மாள், மருமகள், தண்ணி நண்டு, ஒன்றையும் விடவில்லை.

ராஜவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஏன் இப்ப சொல்றீங்க ஹை?"

"கட்டுரை தப்புன்னு தெரிஞ்சுபோச்சு சார். அத்தனை பேரும் நான் தப்புன்னுதான் எழுதியிருக்காங்க."

"எழுதியிருக்காங்க இல்ல?"

"ஆமாம் சார்."

"அப்ப சரி."

"இல்ல சார், அவங்க சொல்றதுதான் நிஜம். நான்..."

"மிஸ்டர் ஹை, எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். நான் எழுதினது அத்தனையும் சரி. ஒரு பய சண்டைக்கு வரலை." ராஜவேலுவின் குரல் இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்த நிபுணர்கள் இருவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதியதும் சரியாகத்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது.

பதவி ஹைக்கே கிடைத்தது. உத்தரவின் முதல் வரி அதைச் சொன்னது. இரண்டாம் வரியில், உலகமே விவாதிக்கும் நண்டு இருக்கும் இடத்தில் புதிய ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்படுவதாகவும், ரீடர் அப்துல் ஹை பழவேற்காட்டிலேயே தங்கி அதை நடத்த வேண்டும் என்றும், மாதாமாதம் என்று இல்லாமல் வாராவாரம் சென்னைக்கு நேரில் வந்து அறிக்கை தர வேண்டும் என்றும் இருந்தது. அதே பஸ்தான். இனி எதிர்த்திசையில் புறப்பட்டு வர வேண்டும்.

ஹை உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சிரிப்பதா என்று யோசித்தார். அதற்கும் உடம்பில் தெம்பு இல்லை. கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். அதுவும் அச்சில் வந்தது. அதைச் சீண்ட ஓர் ஈகூட வரவில்லை. பழைய கட்டுரைக்கு மட்டும் உதைகள் குறைவில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து, முழுசாக ஒரு புதுக் கட்டுரை எழுதினால்தான் மனசு அடங்கும் என்று தெரிந்துபோயிற்று.

"அங்காளம்மா, எனக்கு இனிமே தண்ணி நண்டும் வேணும்."

"வாணாம் பாய். ஊரு இன்னா பேசும்? வேற எதுனா கேளு."

"ஆராய்ச்சிக்குத்தான்."

"நீ கேட்டேன்னு யாருக்குத் தெரியும்? நான் குடுத்தேன்னு மட்டும்தான் தெரியும்."

ஒரு மாதம் கெஞ்சினார். ஜொஹரா போய்க் கெஞ்சினாள். கடைசியில் ஒரு காலை அங்காளம்மாள் கூடைமேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, தெருவழியாக வராமல் பின்வாசல் வழியாக வந்தாள். சாக்கை விலக்கினால், மேலாகக் கல்லுப்போல் கனத்த நண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அடியில்தான் தண்ணி நண்டுகள்.

"கீழ இருக்கறது உங்க ஆபீசுக்கு. மேல வெச்சது உங்க வூட்டுக்கு."

"எங்க வூட்ல நண்டு துன்ன மாட்டோமே, அங்காளம்மா."

"தெரியும் பாய். அதுக்காவ நான் மருவாதிய வுட முடியுமா?"

ஹை அந்தப் பெரிய நண்டை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, ஊசியைக் கையில் எடுத்தார்.