கூப்பிட்டால் திரும்புவதில்லை

சூளையிலிருந்து இறங்கும், கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டைகள் நேராக விருத்தாம்பாள் கைக்குப் போகும். ரெண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். கணீரென்றால் நல்ல சரக்கு. டப்பென்றால் உள்ளே விரிசல், கழிசலில் போட வேண்டியதுதான். கண்ணுக்குத் தப்பினது காதுக்குத் தப்பாது என்பதுதான் அந்த வேலையே.

எழுபத்தொண்ணாம் வருசம் ஆடி மாசம், வாங்கினவர்கள் ரெண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரித்தால் பாதிக்குப் பாதி விரிசல். ரெண்டிலும் அவள் பேர்ச்சீட்டு.

தட்டிப் பார்க்கிற அந்தக் கொட்டகைக்கு நான் மேஸ்திரியாக வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளைப் பற்றி ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தேன். 'கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிர்.'

மேனேஜர் கோதண்டபாணி அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "நீங்க எழுதுனதும் இருக்குது, சரக்கும் திரும்பிடுச்சு. சனிக்கிழமையோட அந்தம்மாவ வேலைய விட்டு நிறுத்திடுங்க, பச்சமுத்து."

சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். முதுகுக்குப் பின்னால் இடப்பக்கமாக நின்று, "விருத்தாம்பா!" என்றேன். அசையவில்லை.

எதிரே தட்டிக்கொண்டிருந்த கமலம் விடவில்லை. "மகாராணிய அப்படிக் கூப்புட்டா ஆவுமா மேஸ்திரிண்ணே? வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடுங்க."

கொட்டகையே சிரித்தது. கமலத்தின் பல்லைப் பார்த்த பிறகுதான் விருத்தாம்பாள் திரும்பினாள். அதுவும் நான் நின்ற பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

எனக்குச் சுருக்கென்றது. களிமண்ணும் கல்லும் அரைக்கிற உருளைக் கொட்டகை இரைச்சலில் காது போன ஆட்கள் இப்படித்தான் திரும்புவார்கள்.

வெளியே மண் குவியலுக்கு அந்தாண்டை கூட்டிப்போனேன். "எந்தக் காது?"

"இடது சுத்தமா இல்ல. வலதும் இந்த வருசம் பாதியாயிடுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வூட்டுக்கு அனுப்புவீங்க. உருளைகிட்ட ஆறு வருசம் நின்னேன். யாரு நிறுத்துனது? நீங்கதான மேஸ்திரி. 'விருத்தாம்பா எதுத்துப் பேச மாட்டா, அவள நிறுத்து'ன்னீங்க."

அப்போது அங்கே மேஸ்திரியாக இருந்து ஆள் பிரித்து விட்டவன் நான்தான்.

"பாவம்னு மூஞ்சிய வெச்சுக்காதீங்க," என்றாள். "எனக்கு வேலை வேணும். காது இல்லாமலே கண்டுபுடிப்பேன். மை பூசித் துடைச்சா நல்ல கட்டையில போயிடுது. விரிசல்ல கோடா நிக்குது. ஒரு தடவ கை தவறிக் கொட்டுனப்பப் பார்த்தேன்."

"அப்பவே செஞ்சிருக்கலாமே?"

"தட்டாம எதுக்கு மை பூசுறேன்னு கேப்பீங்கல்ல? கேட்டா காது வெளிய வந்துடும்ல?"

மேனேஜர் அறைக்குத் திரும்பிப் போனேன். "அந்தப் புகாரைக் குடுங்க. நான் எழுதுனது தப்பு. அந்தம்மாவுக்குத் திமிர் இல்லீங்க, காது கேக்கல. காதைக் கெடுத்த எடத்துல நிறுத்துனவனும் நான்தான்."

"வாபஸ் வாங்குனா உங்க மேலதான் கேள்வி வரும்."

"வரட்டுங்க."

"பரிதாபப்பட்டு ஃபேக்டரி ஓட்ட முடியாது, பச்சமுத்து."

"பரிதாபம் இல்லீங்க. ஏன் திரும்பலன்னு அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த ரெண்டு பெட்டியும் வெளியவே போயிருக்காது."

அவள் மை பூசிக் கண்டுபிடிக்கிற விதத்தையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஐம்பது கட்டையைக் கலந்து வைக்கச் சொன்னார். முதலில் கமலம் தட்டினாள். ஒன்பது விரிசல் பொறுக்கினாள். அதே ஐம்பதை விருத்தாம்பாள் மை பூசித் துடைத்தாள். பதினொண்ணு. கூடுதலாக வந்த ரெண்டையும் மேனேஜர் உடைத்தார். உள்ளே விரிசல் ஓடியிருந்தது. ஆனால் கமலத்துக்கு ஆன நேரத்தைப் போல மூணு பங்கு ஆகியிருந்தது.

"இவ்ளோ மெதுவா செஞ்சா லாரி நிக்குமா?"

கமலம்தான் சொன்னாள். "எல்லாத்துக்கும் எதுக்குங்க மை? நான் தட்டுறேன். சந்தேகமா சத்தம் வர்றத மட்டும் அக்கா பக்கம் தள்ளி வுடுறேன்."

மேனேஜர் கமலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு மாசம். மறுபடி பெட்டி திரும்புனா அந்தம்மா மட்டும் இல்ல, நீங்களும் போவணும்."

"சரிங்க."

விருத்தாம்பாள் மைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். "உருளைகிட்ட இப்ப யாரு நிக்கிறா?" என்று கேட்டாள்.

"நல்லமுத்து."

"எத்தினி வருசமா?"

"நாலு."

அவள் துணியை நனைத்தாள். நான் உருளைக் கொட்டகைக்குப் போனேன். அங்கத்து மேஸ்திரியிடம் இனிமேல் பத்து நாளுக்கு ஒருதரம் ஆள் மாறணும் என்று சொல்லி, நல்லமுத்துவை அன்றைக்கே வெளியே எடுத்தேன். மேனேஜரைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.