கிண்ணத்தில் மிச்சம்

எலும்புச் சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடை மாமாவுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று, சூப்பு சுண்டச் சுண்டத்தான் ருசி. இன்னொன்று, கடையில் எது கெட்டாலும் அதற்குக் காரணம் மச்சினிச்சி.

மச்சினிச்சிக்கு வீட்டில் வாலு என்று பெயர். பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, ஐஸ் சீவும் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு, அக்காவின் கடை மூலையில் வந்து உட்கார்ந்தவள். ஐஸைப் பஞ்சு பஞ்சாகச் சீவி, பழப்பாகு ஊற்றி, மேலே கெட்டிப்பால் விட்டுத் தருவாள். பகலெல்லாம் ஈ ஓட்டுவாள். சாயங்காலம் ஆகட்டும், ராமென் சாப்பிட்டு எழுந்தவர்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேரே அவள் மூலைக்குத்தான் வருவார்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. கழுவப் போகிற ஒவ்வொரு கிண்ணத்தையும் எட்டிப் பார்ப்பது மாமாவின் வழக்கம். நூடுல்ஸ் மிச்சமிருந்தால் மன்னித்துவிடுவார். சூப்பு மிச்சமிருந்தால் பெற்ற பிள்ளையை யாரோ அடித்துவிட்ட மாதிரி முகம் சுருங்கிப்போகும். காலையில் கிண்ணங்கள் துடைத்து வைத்தாற்போல் வரும். சாயங்காலமோ பாதி சூப்போடு தளும்பிக்கொண்டு வரும்.

"ஐஸுக்கு வயித்துல இடம் வெக்கணும்னு என் சூப்பை விட்டுட்டுப் போறானுங்க," என்று ஒரு நாள் எகிறினார் மாமா. "ஜூஸ் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். நாளன்னிக்குக் காலையில வந்து உன் மெஷினை எடுத்துக்குவார். நல்ல விலைதான் தர்றார்."

"மாமா, அது என் மெஷின்!"

"கடை என் கடை!"

வாலு கல்லாப் பக்கம் திரும்பினாள். அங்கே உட்கார்ந்திருந்த அக்கா நிமிரவே இல்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வர மாட்டேம்மா. ஐஸால இல்லன்னு அவர் வாயாலயே சொல்ல வை. அப்புறம் மெஷினை யாரு தூக்குறான்னு நான் பாத்துக்கறேன்."

மெஷின் போனால் மறுபடி அந்த ஆபீஸ், அந்தச் சுழல் நாற்காலி, அந்த மேனேஜரின் தும்மல். நினைத்தாலே வாலுவுக்கு அழுகை வந்தது.

இத்தனைக்கும் சங்கதி என்னவென்று அவளுக்குத் தெரியும். மாமா காலையிலேயே பானைக்கு உப்புப் போட்டுவிடுவார். எலும்புச் சூப்பு நாள் முழுக்கக் கொதித்துச் சுண்டும். தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு எங்கே போகும்? சாயங்காலத்துக்குள் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். மாமாவோ கொதிக்கக் கொதிக்க அகப்பையோடு வாயில் கவிழ்த்துப் பதம் பார்ப்பவர். வெந்த நாக்குக்கு என்ன தெரியும், பாவம்.

அப்படியென்றால் வாலு ஏன் சொல்லவில்லை? நன்றாகச் சொல்வாளே! சூப்பு கரித்தால்தானே ஐஸ் போணியாகும். கள்ளி, வாயே திறக்காமல் சீவிக்கொண்டிருந்தாள். இப்போது போய்ச் சொன்னாலும் மாமா நம்புவாரா? மெஷினைக் காப்பாற்றிக்கொள்ள சூப்பின் மேல் பழி போடுகிறாள் என்று முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அன்று கடை மூடும்போது பானையின் அடியில் கிடந்த சூப்பில் ஒரு சொம்பு எடுத்து வடிகட்டினாள். மிதந்த கொழுப்பை வழித்து எறிந்தாள். மீதியை ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம், கடை நிறைந்திருந்த நேரத்தில், அந்தக் கட்டியைச் சீவிக் கோபுரமாகக் குவித்து, உச்சியில் ஒரு செர்ரிப் பழத்தை வைத்து மாமாவின் முன் நீட்டினாள்.

"போறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னே ஒரு புது ஐஸ், மாமா. கோவத்தை விட்டுட்டு ஒரு வாய் சாப்பிடுங்க." குரலில் லேசான தழுதழுப்பு வேறு.

மாமா உருகிப்போனார். பெரிய கரண்டியாக அள்ளி வாயில் போட்டார். அடுத்த கணம் கண் பிதுங்கியது.

"தூ! என்னடி இது? உப்பளத்தையே சீவிக் கொண்டாந்துட்டியா? இதை எந்த மனுஷன் தின்பான்? ஒரு வாய்க்கு மேல இறங்குமா? மிச்சம் வெச்சுட்டு ஓடத்தான் செய்வான்! செஞ்ச ஆளைக் கூப்பிட்டு நாலு சாத்து சாத்தணும்!"

"சாத்துங்க மாமா. நேத்து சாயங்காலத்து உங்க சூப்புதான் அது. அந்தப் பழம் மட்டும்தான் என்னோடது."

கடையில் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மாமா இன்னொரு கரண்டி எடுத்து, மெதுவாக, நாக்கில் கரைய விட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்க சொல்றது நெசந்தாங்க," என்றார் தினமும் வரும் டாக்சிக்காரர். "காலையில அமிர்தம். சாயங்காலம் குடிச்சா ஒரு குடம் தண்ணி கேக்குது."

"ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"கையில அகப்பையோட நிக்கிறீங்களே!"

அக்கா சிரித்துக்கொண்டே ஜூஸ் கடைக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, நாளைக்கு வர வேண்டாம். மெஷின் குடுக்கிறதா இல்ல."

அதன்பின் மாமா சாயங்காலமானால் பானையில் வெந்நீர் விளாவி, ஆற வைத்துப் பதம் பார்த்தார். கிண்ணங்கள் பளபளவென்று காலியாகத் திரும்பின. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வாலுவின் மூலையில்தான் ஆளே இல்லை. சாப்பிட்டவர்கள் வயிறும் நாக்கும் குளிர்ந்து நேரே வாசலுக்குப் போனார்கள். மெஷின் இருக்கிறது, சீவ வேலை இல்லை. இதை யாரிடம் போய் அழுவது? தானே பறித்த குழி. துணியை எடுத்து மெஷினைத் துடைப்பதும், துடைத்ததையே துடைப்பதுமாக இருந்தாள். மாமா அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஒரு சாயங்காலம் அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போது, மெஷினின் பளபளப்பில் மாமா தெரிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். உப்பு ஜாடிக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டு, கூரையைப் பார்த்தபடி கிண்டினார்.

கொஞ்ச நேரத்தில் டாக்சிக்காரர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலைக்கு வந்தார். அவர் பின்னால் நாலைந்து பேர். வாலுவின் கை பறந்தது.

கழுவும் இடத்திலிருந்து மாமா ஒரு கிண்ணத்தை உயரத் தூக்கிப் பிடித்தார். அடியில் இரண்டு மடக்கு சூப்பு மிச்சம்.

"பாத்தியாடி? எல்லாம் உன் ஐஸாலதான்!" என்று கடை அதிரக் கத்தினார்.

"ஆமா மாமா," என்றாள் வாலு, தலை நிமிராமல். "நாளைக்கு அரைப் பிடி போடுங்க, போதும்."